உருளைக்கிழங்கு தந்த மலைச்சனங்கள்

நுவரெலியாப் பக்கம் நாம் நடுகிற உருளைக்கிழங்கின் தாய்மண் எது தெரியுமா? தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. பெருவிலும் பொலிவியாவிலும் வாழும் கெச்சுவா, அய்மாரா மக்களின் முன்னோர்தான் அதைப் பயிராக்கினவர்கள். 12,000 அடிக்கு மேலே இராவில் உறைபனி கொட்டும். அந்தப் பனியையே அவர்கள் வேலை வாங்கினார்கள்! கிழங்கை இரவில் வெளியே பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணியைப் பிழிஞ்சு, வெயிலில் காயவைப்பார்கள். இதுக்குப் பேர் 'சுன்யோ'. வருடக்கணக்கில் கெடாது.

ஸ்பெயின்காரர் வந்தபின் கஷ்டகாலம். 1545இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. 1570களிலிருந்து ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போகணும். திரும்பாதவர் அநேகம்.

ஸ்பெயின் ஆட்சி போயும் விடியவில்லை. பொலிவியாவில் பண்ணை முதலாளி வீட்டுக்குக் குடியானவர் முறைபோட்டுச் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். அவர்களைப் 'பொங்கோ' என்பார்கள். கெச்சுவாவில் 'புங்கு' என்றால் வாசல். வாசலிலே படுத்துக் கிடந்த சனம்!

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வோட்டு கிடையாது. படிக்கப் பள்ளிக்கூடமும் கிடையாது. நல்ல நியாயம்தான். 1931இல் அவெலினோ சின்யானி என்ற அய்மாராக்காரர், எலிசார்டோ பெரெஸ் என்ற ஆசிரியரோடு சேர்ந்து வரிசாத்தா ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஊர்ச்சனமே கூடிக் கட்டினார்கள். பண்ணைக்காரர் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு பலமாக வந்தது.

1952இல் பொலிவியாவில் எல்லாருக்கும் வோட்டு வந்தது. 1953இல் நிலச் சட்டம் வந்து, பொங்கோ வேலை ஒழிந்தது. 2006இல் எவோ மொராலெஸ் என்ற அய்மாராக்காரரே ஜனாதிபதியானார். பெருவில் எழுத்தறியாதவருக்கு வோட்டுரிமை கிடைக்க 1979 வரை ஆனது.