ஏரித் தோணிக்கு நீர்க்காப்பிடும் முறை

ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அமைந்தது. இவ்வாறு வைப்பாற்றின் உபநதி. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிறையுமிடம் கோடையில் சேறும் கட்டாந்தரையுமாகக் கிடப்பதுண்டு. இத்தகைய நீர்நிலையில் மீன் பிடிக்க ஒரு குடும்பத்தார் தாமே மரத்தோணி செய்துகொள்வாராயின், அத்தோணி பல மாதம் கரையிற் காய நேரும் என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

கடலில் மிதக்கும் மரத்தைப் பெரிதும் கெடுப்பது துளைப்புழு. நன்னீரில் அதன் உபத்திரவம் இல்லை. ஏரித் தோணிக்கு நேரும் கேடு வெடிப்பும் உளுப்புமேயாம். மரம் நனைந்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். வெயிலில் திடீரென்று சுருங்கும்பொழுது பிளக்கிறது. உளுப்புக்குக் காரணமான பூஞ்சைக்கோ ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாக இருக்கும்வரை அது பற்றாது. ஆகவே, தோணியின் உட்புறத்தில் மழைநீர் தேங்கி நிற்கும் மூலைகளே முதலில் இற்றுப்போகின்றன. பலர் வெளிப்புறத்திற்கு மட்டும் தடித்த பூச்சிட்டு உட்புறத்தை வெறுமனே விட்டுவிடுகின்றனர். உள்ளிருந்து இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்துக்குள்ளேயே தங்கும். பூச்சே இல்லாத தோணி இதனினும் நீடித்திருக்கக்கூடும்.

குடைந்த தோணியாயின், அடிமரத்தை வெட்டிய அன்றே இரு தலைப்புகளிலும் மெழுகையோ வண்ணத்தையோ அப்பிவிடவேண்டும். பக்கவாட்டைவிடத் தலைப்பின் வழியே ஈரம் பல மடங்கு விரைவாகப் போகவும் வரவும் செய்யும். பெரும்பாலான வெடிப்புகள் அங்கேயே தொடங்குகின்றன. குடைந்த பின் நிழலில், தரையில் படாதபடி கட்டைகளின்மேல் ஏற்றி, மெதுவாக உலரவிடுதல் நலம். மாமரம் குடைய எளிது, விலையும் குறைவு. ஆயினும் எளிதில் உளுத்துப்போகும். ஆந்திர தேசத்துக் கொல்லேறு ஏரியில் பனை அடிமரங்களைக் குடைந்து இரண்டிரண்டாகப் பிணைத்து ஓட்டும் வழக்கமுண்டு. பனை மலிந்த இப்பக்கத்தாருக்கு அது நினைவில் எழக்கூடும்; எனினும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்துள்ளது.

பலகை இணைத்த தோணிக்குக் கலப்பத்து இன்றியமையாதது. தூத்துக்குடித் தோணித் துறையில் ஓடாவிகள் செய்யும் வேலை இது. பலகைகளின் சேர்மானத்தில் வெளிப்புறம் சற்றே அகன்ற வாய் விட்டு, முறுக்கிய பஞ்சுத்திரியை எண்ணெயில் தோய்த்து, மழுங்கிய உளியால் உள்ளே செலுத்தவேண்டும். அதன்மேல் குங்கிலியத் தூளை எண்ணெயிற் காய்ச்சிய பசையை அப்புவர். ஒரு சொட்டை ஆறவிட்டு விரலால் நசுக்கினால் அதன் பக்குவம் தெரியும்: பொடிந்தால் எண்ணெய் போதாது; ஒழுகினால் குங்கிலியம் போதாது. உலர்ந்த பலகைகளின் இடையே பஞ்சை மிதமிஞ்சி இறுக்குதல் பிழை. நீரில் மரம் விரியும்பொழுது பலகையே ஆணியைக் கிளப்பிக்கொண்டு விலகிவிடும்.

எண்ணெய்களில் எல்லாம் ஒரே குணமுடையன அல்ல. வேப்பெண்ணெய் பூச்சியைத் தடுக்குமேயன்றி உலர்ந்து படலமாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும். முதற்பூச்சை டர்ப்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்து, மரம் குடிக்குமளவு ஊட்டி, எஞ்சியதைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததை இடவேண்டும். கடற்கரையார் பயன்படுத்தும் முந்திரித் தோட்டு எண்ணெய் மரத்திற்கு மிக நல்லது. தோலிற் பட்டாலோ கொப்புளிக்கும். கையுறையின்றி அதனைத் தொடலாகாது.

தீப்பெட்டி, பட்டாசுச் சாலைகள் மலிந்த இப்பிரதேசத்தில் இவ்வேலையிலுள்ள தீயபாயத்தைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சும் அடுப்பு, எந்தச் சரக்கறைக்கும் வைக்கோற்போருக்கும் வெகுதூரத்தில், திறந்த வெளியில் இருத்தல் வேண்டும். பொங்கித் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. மூடியாலோ மணலாலோ அணைக்கவேண்டும். அதனினும் மறைவான அபாயம் துடைத்த கந்தைகளில் உண்டு. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த கந்தையைச் சுருட்டிக் குவித்தால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேறாமல், நெருப்பு யாதும் வையாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். கந்தைகளை வெளியில் ஒவ்வொன்றாய் விரித்துக் காயவைக்கலாம். இல்லையேல் நீர் நிறைந்த சட்டியில் அமிழ்த்தி வைக்கலாம்.

பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவது சிக்கனமென்று கருதுவோர் உளர். ஆனைக்குட்டத்து நீர் விருதுநகர் மக்கள் பருகும் நீர். கழிவெண்ணெய், தார், ஈயம் கலந்த சிவப்பு வண்ணம் ஆகியவற்றை அந்நீரில் மிதக்கும் தோணிக்கு இடலாகாது. குளத்திற் படரும் எண்ணெய்ப்படலம் ஊர்க் குடத்தில் வந்து சேரும்.

கண்ணாடி நார்ப் போர்வையும் இக்காலத்தில் வழக்கிலுள்ளது. கொச்சியில் 1957இல் நிறுவப்பெற்ற மத்திய மீன்தொழில்நுட்ப நிலையம், பதப்படுத்திய ரப்பர் மரத்தோணிகளுக்கு இப்போர்வையிடும் முறையை ஆராய்ந்து பரப்பியுள்ளது. ஆயினும் எண்ணெய் குடித்த மரத்தில் அதன் பிசின் சரியாய் ஒட்டாது. ஆதலால் எண்ணெயா, போர்வையா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது அவசியம். ஈரமரத்தின்மேல் போர்த்தினால் உளுப்பு உள்ளேயே மறைந்து வளரும்.

வேலை முடிந்தபின் தோணியைக் கரையிலேயே கட்டைகளின்மேல் சமமாக இருத்தி, உள்ளே நாலு விரற்கடை ஆழம் மட்டும் தண்ணீர் விட்டு, வெளியே கசியும் இடங்களைக் கரியால் குறித்துக்கொள்க. நிறைய ஊற்றினால் பாரம் தாங்காமல் பக்கங்கள் பிளக்கும். குறித்த இடங்களைச் செப்பனிட்டபின், ஆழமற்ற நீரில் கட்டி இரண்டு நாள் ஊறவிட்டால் சேர்மானங்கள் இறுகும். ஆளேற்றுவது அதன்பின்னரே, அதுவும் மிதவை அங்கி அணிந்து. நீர் வற்றும் காலத்தில் தோணியைக் கவிழ்த்து, கரையான் எட்டாத உயரத்தில், ஓலைக்கொட்டகையின் நிழலில் வைத்து, புரட்டாசியில் மழைக்கு முன்னர் தலைப்புகளுக்கும் உள்மூலைகளுக்கும் ஒரு கை எண்ணெய் மறுபடியும் இடவேண்டும்.