மருந்து சாப்பிட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை?



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். மகனுக்கு முப்பது வயது. பல வருடங்களாக மனச்சிதைவு நோய். "காக்கா, மாத்திரை ஒழுங்காத்தான் கொடுக்கிறேன். காதுல சத்தம் கேக்குதுன்னு இப்பல்லாம் சொல்றதில்ல. ஆனா குளிக்க மாட்டேங்குறான், கடைக்குப் போன்னா போக மாட்டேங்குறான். சோம்பேறி ஆயிட்டான்" என்று அழுதார்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். வாப்பா வெளிநாட்டில் இருந்தபோது, ஒன்பது வயதில் இந்தப் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டிருந்தார்களாம். அங்கே அடியும் பசியும்தான். "அதெல்லாம் பழைய கதை" என்று முடித்துவிட்டார். அந்தப் பழைய கதைக்கும் இன்றைய நிலைக்கும் தொடர்பு இருக்கலாம். அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நோயின் இரண்டு பக்கம்

சைக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் தீவிர மனநோயில், இல்லாத குரல் கேட்பதும் காரணமற்ற சந்தேகமும் ஒரு பக்கம். இவற்றை மருந்து பெரும்பாலும் குறைத்துவிடும். ஊக்கம் குன்றுதல், பேச்சு குறைதல், கவனம் நிற்காமை ஆகியவை மறுபக்கம். இவற்றுக்கு மருந்து அந்த அளவு கைகொடுப்பதில்லை. குளிப்பதும் கடைக்குப் போவதும் நாலு பேருடன் பழகுவதும் தடைப்படுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தால்தான். இதைச் சோம்பல் என்பது தவறு.

சிறுவயதுக் காயம்

அடி, பாலியல் கொடுமை, ஓயாத ஏச்சு, புறக்கணிப்பு, பெற்றோரை இழத்தல், சக பிள்ளைகளின் கொடுமை ஆகியவற்றைச் சிறுவயதில் அனுபவித்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஆய்வு கூறியது. நோய் வந்த பிறகும் அந்தக் காயம் அன்றாட வாழ்வில் குறுக்கே நிற்கக்கூடும். அடிபட்டு வளர்ந்தவருக்கு மனிதரை நம்புவது கடினம். உதவி கேட்கக் கூச்சம். 'செய்தால் தப்பாகிவிடும், திட்டுவார்கள்' என்ற பயத்தில் எதையும் தொடங்கவே மாட்டார்.

ஒன்றை மறக்க வேண்டாம். துன்பப்பட்ட எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை. துன்பமே படாதவர்களுக்கும் வருகிறது. பரம்பரை முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆகவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல.

வீட்டுப் பேச்சின் வலிமை

1972-ல் லண்டனில் வெளியான ஆய்வு ஒன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றியது. குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதத்தினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டும் முற்றியது. அமைதியான வீடுகளில் அது 16 சதவீதமே. சிறுவயதில் ஏச்சுக் கேட்டு வளர்ந்தவருக்கு அதே ஏச்சு இன்றும் தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. 'சோம்பேறி', 'பைத்தியம்' என்ற சொற்களை வீட்டில் நிறுத்துங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிறு வேலை கொடுங்கள். தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். செய்ததும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

3. பழைய காயத்தைத் தோண்டித் துருவாதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் சம்மதத்துடன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

4. துஆவும் தொடரட்டும், மருந்தும் தொடரட்டும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

5. ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். மனநோயால் வரும் இயலாமையும் 2016-ம் வருடச் சட்டப்படி மாற்றுத்திறன்தான். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க நம் அலுவலகம் உதவும்.

இன்றைய பிள்ளைகள்

நான் ஓதிய காலத்தில் பிரம்புக்குப் பயந்தே பாடம் படித்தோம். அதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது விட்டுவிட்டேன். மக்தபிலோ பள்ளியிலோ வீட்டிலோ பிள்ளை துன்புறுவது தெரிந்தால் 'நமக்கேன்' என்றிருக்காதீர்கள். 1098-க்கு அழையுங்கள்.

அந்தத் தாய் போன வாரம் மறுபடி வந்தார். மகன் இப்போது தான் குடித்த டீ கிளாஸைத் தானே கழுவி வைக்கிறாராம். "இதுல என்ன காக்கா இருக்கு?" என்றார். "நிறைய இருக்கு. அவரிடம் நல்லதா ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னைக்குப் போய்ச் சொல்றேன்" என்றார்.