மண்ணால் எழுந்த மடாலயம்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தாபோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பௌத்த மடாலயம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது. அதன் தடித்த சுவர்கள் மண்ணால் ஆனவை. மழை மிகக் குறைந்த நிலமாதலால் அவை ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. உட்சுவர்களைப் பழைமையான ஓவியங்களும் களிமண் சிற்பங்களும் அணிசெய்கின்றன. 1975இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் மடாலயம் சேதமுற்றது. பின்னர்ப் புதிய வழிபாட்டுக் கூடம் எழுப்பப்பட்டது. எனினும் பழைய கூடங்கள் கைவிடப்படவில்லை. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது. மழை மிகுந்தால் மண்சுவர் கரையும். ஆதலால் அக்காவல் என்றும் தேவை.

பயிற்சி

1. மண்சுவர்கள் நெடுங்காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாது?
2. பிரித்து எழுதுக: உட்சுவர்.
3. உம் ஊரிலுள்ள பழைமையான கட்டடத்தைக் காக்க நீவிர் செய்யக்கூடியவை யாவை?