பிரிக்பீல்ட்ஸிலிருந்து கெத்தாம் தீவுக்கு

லங்காவிக்கோ தியோமானுக்கோ போக விடுப்பு எடுக்க வேண்டும். பூலாவ் கெத்தாமுக்கு, அதாவது நண்டுத் தீவுக்கு, ஒரு பகல் போதும். ஆனால் மணலையும் கடல் குளியலையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பது அலையாத்திக் காடு, சேறு, அந்தச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர்களின் ஊர். பார்க்க வேண்டியதும் அந்த ஊரைத்தான்.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்க வேண்டும். டச் அண்ட் கோ அட்டை செல்லும். ஒரு எச்சரிக்கை: கே.எல். சென்ட்ரலுக்கு பூலாவ் செபாங் ரயிலும் வரும். பலகையில் 'பூலாவ்' என்று கண்டதும் ஏறிவிட்டால் சிரம்பானுக்கு அப்பால் கொண்டுபோய் விடும். அது கடலே இல்லாத உள்நாட்டு ஊர்.

நிலையத்திலிருந்து பயணிகள் ஜெட்டி நடக்கும் தூரம்தான். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்த துறைமுகம் இது. 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பல் வந்து நின்ற துறையும் இதுதான். தாத்தா பாட்டி இங்கே இறங்கியதாக வீட்டில் பேச்சு உண்டென்றால், படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள். திரும்புவதற்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? திரும்பும் டிக்கெட் எந்தப் படகுக்குச் செல்லும்? வழியில் சுங்கை லீமாவில் நிற்குமா? முதல் கேள்விதான் முக்கியம். வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் மாறும்; அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அன்றைய பொழுதையே திட்டமிட வேண்டும். சுங்கை லீமா அதே தீவில் உள்ள இன்னொரு சிற்றூர். படகு நின்றதும் எல்லாரும் எழுகிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் படகு ஜெட்டிக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும். முதலில் ஒருவர் இறங்கி நின்று, பெரியவர்களுக்குக் கை கொடுக்கட்டும். உள்ளே நீளமான கூடு, நெருக்கமான இருக்கைகள், எலும்பு வரை ஏறும் ஏர்கோன் குளிர். ஒரு சால்வை இருந்தால் நல்லது. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் என்று உட்காருமுன் பார்த்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும்.

போகும் நாளை முடிவு செய்ய வீட்டு நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஏற்றத்தில் வீடுகளுக்கு அடியில் நீர் நிறைந்து ஊரே மிதப்பதுபோல் இருக்கும். வற்றில் சேற்று நாற்றம் அடிக்கும். ஆனால் அப்போதுதான் சிறு நண்டுகளும், துடுப்பையே காலாக்கித் தாவும் சேற்று மீன்களும் வெளியே வரும். பிள்ளைகளோடு போனால் வற்றே மேல் என்பேன். கிழக்குக் கரைத் தீவுகள் ஆண்டிறுதி மழைக்காலத்தில் அடங்கிவிடுவதுபோல் இங்கே இல்லை. சுமத்ரா தடுப்பாக இருப்பதால் ஆண்டு முழுதும் படகு ஓடும். பிற்பகல் இடிமழைக்கு மட்டும் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவில் கார் கிடையாது. ஜெட்டி அருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ரொக்கமும் சில்லறையும் கையில் இருக்கட்டும். நடைபாதைகள் பல இடங்களில் குறுகல், ஓரத்தில் தடுப்பும் இல்லை. பின்னால் மின்சைக்கிள் சத்தமில்லாமல் வரும். ஓட்டிப் பழகாதவர்கள் நடப்பதே உத்தமம். வீட்டு வாசல்கள் திறந்தே கிடக்கும், சாமி மாடம் கண்ணில் படும். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

கடல் உணவு சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. உட்காருமுன் நண்டு, மீன் எடைக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டால் பில் வரும்போது முகம் சுளிக்க வேண்டியதில்லை. சைவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதே பாதுகாப்பு. அதுவும் இல்லையென்றால், திரும்பும் வழியில் கிள்ளான் நிலையத்தில் இறங்குங்கள். தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.