எத்தனை சிகரெட்? கைத்தொலைபேசி கணக்கு வைக்கட்டும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகவே வாங்குகிறார்கள். வெறும் பெட்டி மிஞ்சாததால் கணக்குத் தெரிவதில்லை. குறைக்க நினைப்பவர்களுக்கு:

1. பற்றவைக்குமுன் ஒரு படம் எடுங்கள். நேரம் தானாகப் பதியும். இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் இடமும் பதியும்.

2. வாரக் கடைசியில் படங்களை வரிசையாகப் பாருங்கள். காலி வீதித் தேநீர்க்கடையா, மரைன் டிரைவ் மாலை நடையா, ஜம்பட்டா வீதிக் கடைவாசலா என்பது புலப்படும். அதிகம் வரும் அந்த ஓரிடத்தை மட்டும் முதலில் தவிருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது கடினம்.

3. ஸ்மார்ட் வொச்சில் புகைக்கு முன்னும் பின்னும் இதயத்துடிப்பைப் பாருங்கள். நிக்கொட்டின் துடிப்பைக் கூட்டும்.

4. கையசைவை வைத்து எண்ணும் செயலியை மட்டும் நம்பாதீர்கள். தேநீர்க் கோப்பை வாய்க்குப் போவதும் அதற்குச் சிகரெட்டாகத் தோன்றலாம்.

5. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிமீற்றரில் 98 கண்டு நிம்மதியடையவே வேண்டாம். புகையின் காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்டியிருந்தாலும் அக்கருவி அதை ஒட்சிசனாகவே கணக்கிடும்.

6. பதிவைக் கையில் வைத்துக்கொண்டு 1948ஐ அழையுங்கள். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் இலக்கம் அது. எந்த நேரத்தில் ஆசை எழுகிறது என்று சொன்னால் ஆலோசனை பொருத்தமாக அமையும்.