பயாஸ் அப்டேட்: அவசரம் வேண்டாம்!

சேலையூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு மாலை நேரம் பயாஸ் அப்டேட் செய்யத் தொடங்கினார். பாதி எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. பேன் சுற்றியது, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. "புது வெர்ஷன் இருந்தது, அதனால் போட்டேன்" என்றார். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை. உங்களுக்கு இது நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

பயாஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய பிளாஷ் சிப்பில் இருக்கும் புரோகிராம்தான் முதலில் இயங்குகிறது. புராசஸர், ராம், டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து, பிறகு விண்டோஸை அழைக்கிறது. இதுவே பயாஸ். இன்றைய போர்டுகளில் இருப்பது யு.இ.எப்.ஐ. என்ற புதிய வகை; ஆனாலும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம்.

போர்டில் நாணயம் போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரிதான் பயாஸைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கரண்ட் இல்லாதபோது கடிகாரம் ஓடத்தான் அந்த 3 வோல்ட் பேட்டரி. பல போர்டுகளில் செட்டிங்குகளும் அதை நம்பியே இருக்கும். பயாஸ் புரோகிராம் பேட்டரி இல்லாமலே சிப்பில் இருக்கும். அப்டேட் செய்யும்போது பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறோம். பாதியில் நின்றால் இரண்டும் இருக்காது.

பயாஸ் அழிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1999 ஏப்ரல் 26-ல் பார்த்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ், விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. ஆசிய நாடுகளில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகாமல் போயின.

எப்போது அப்டேட் தேவை?

நல்ல காரணம் இருந்தால் மட்டும். உதாரணமாக, பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை புராசஸரைப் போட விரும்பினால் அப்டேட் அவசியமாகலாம். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் பழுது வந்ததால், அதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்டில் பயாஸ் அப்டேட்டாகவே வந்தது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யும் அப்டேட்டும் தேவையானதே. நிறுவனத்தின் டவுன்லோட் பக்கத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கீழே காரணம் எழுதியிருப்பார்கள். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். பீட்டா என்று போட்டிருப்பதைத் தொடவே வேண்டாம்.

கரண்டை முதலில் கவனியுங்கள்

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது, புறநகரில் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் இல்லாத நாளிலும் பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மதியம் வரை மின்தடை செய்வார்கள். எந்தப் பகுதியில் என்று முன்கூட்டியே பேப்பரில் வரும். பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். மழை, இடி இருக்கும் மாலை நேரம் வேண்டாம்.

யு.பி.எஸ். கட்டாயம். அது வேலை செய்கிறதா என்று முந்தைய நாளே சோதியுங்கள். திறந்திருக்கும் பைல்களை சேவ் செய்துவிட்டு, யு.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். பத்து நிமிடம் கம்ப்யூட்டர் ஓடவேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். அதை மட்டும் நம்பாதீர்கள். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கவேண்டும், சார்ஜரும் செருகியிருக்கவேண்டும்.

செய்யும் முறை

1. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்று தேடித் திறக்கவும். பேஸ்போர்டு புராடக்ட், பயாஸ் வெர்ஷன் இரண்டையும் குறித்துக்கொள்ளவும். போர்டின் மீது ரிவிஷன் எண் அச்சிட்டிருந்தால் அதையும் எழுதவும். ஒரே மாடலிலும் ரிவிஷன் மாறினால் பைல் மாறலாம்.

2. முக்கியமான பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்கவும். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், 48 இலக்க ரெகவரி கீயைப் பேப்பரில் எழுதி வைக்கவும். அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம். கீ இல்லையென்றால் உங்கள் போட்டோக்களை நீங்களே திறக்க முடியாது.

3. மதர்போர்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் பைலை டவுன்லோட் செய்யவும். ஜிப் பைலைப் பிரித்து, உள்ளே இருப்பதை எப்.ஏ.டி.32 முறையில் பார்மேட் செய்த பென் டிரைவில் காப்பி செய்யவும்.

4. ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லவும். அசுஸில் ஈஸி பிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-பிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம்-பிளாஷ் என்று இருக்கும். பைலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கவும்.

5. முடியும்வரை எந்த பட்டனையும் தொடவேண்டாம். தானாக ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் ஆனால் பயப்படாதீர்கள்.

6. முடிந்ததும் பயாஸில் லோட் ஆப்டிமைஸ்டு டிபால்ட்ஸ் கொடுத்து, நீங்கள் முன்பு மாற்றிய செட்டிங்குகளை மறுபடி அமைக்கவும்.

பாதியில் நின்றுவிட்டால்?

சில போர்டுகளில் பிளாஷ்பேக் பட்டன் இருக்கும். புராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை எழுத அது உதவும். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், புரோகிராமர் கருவி வைத்திருக்கும் டெக்னீஷியனிடம் கொடுத்து சிப்பை மீண்டும் எழுத வேண்டும். என் நண்பர் மதர்போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய் அப்படித்தான் சரிசெய்தார். டிஸ்க்கில் இருந்த பைல்களுக்கு எதுவும் ஆகவில்லை. பயாஸ் போனாலும் டிஸ்க் அழிவதில்லை என்பது ஆறுதல்.

அப்டேட் செய்கிறீர்களோ இல்லையோ, போர்டு மாடல், ரிவிஷன், பயாஸ் வெர்ஷன், ரெகவரி கீ ஆகிய நான்கையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் பில்லுடன் பத்திரப்படுத்துங்கள்.