திருந்திய மனிதனின் கணக்கு

மனிதன் தவறுவதற்கு ஒரு நொடி போதும். திருந்துவதற்கோ ஓர் ஆயுள் வேண்டும். இவ்வுண்மையை விளக்கும் கதைகளுள் தலைசிறந்தது, பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோ 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநாவல். சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்தார். 1950-இல் நாகையா நடிக்க அதே பெயரில் படமும் வந்தது. வியாபாரிகளாகிய நாம் இதில் கற்க வேண்டியவை மூன்று.

கதாநாயகன் ஜான் வால்ஜான், தமக்கையின் ஏழு குழந்தைகள் பசித்திருக்க, ஒரு ரொட்டியைத் திருடியவன். 5 ஆண்டுத் தண்டனை, தப்பியோட முயன்றதால் 19 ஆண்டாயிற்று. 1815-இல் விடுதலையானபோது அவன் கையில் கொடுக்கப்பட்டது, குற்றவாளி எனக் காட்டும் மஞ்சள் சீட்டு. அதைக் கண்டு சத்திரத்தில் இடம் மறுத்தனர். வேலை கொடுத்தவரோ கூலியைக் குறைத்தார். இடம் கொடுத்தவர் பிஷப் மீரியேல் ஒருவரே. அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களையும் அவன் திருடினான். காவலர் பிடித்து வந்தபோது, "நான் கொடுத்தவையே" என்று கூறி, இரு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார் அப்பெரியவர். நம்பிக்கை கொடுத்தால்தான் நாணயம் பிறக்கும். இது முதற்பாடம்.

அவ்வளவு பெற்ற பின்னும், வழியில் ஒரு சிறுவனின் 40 சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொண்டான். பின்னர் மனம் பதறித் தேடினான், சிறுவன் அகப்படவில்லை. பெயரை மாற்றி வேறோர் ஊரில் குடியேறினான். கருமணித் தொழிலில் பிசினுக்குப் பதில் அரக்கைப் புகுத்தி, அடக்கவிலையைக் குறைத்தான், கூலியை உயர்த்தினான், பள்ளிகள் கட்டினான், மேயரும் ஆனான். ஆயினும் அந்த ஊர்ப்பக்கம் வரும் சிறுவர்களையெல்லாம் அழைத்துப் பெயர் கேட்டுப் பணம் கொடுத்து வந்தான். கடன்பட்டவரைக் காணவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. தர்மம் செய்ததாலும் தீராது. இது இரண்டாம் பாடம்.

மூன்றாவதே கடினமானது. வேறொருவனை வால்ஜான் எனத் தவறாக எண்ணி ஆராஸ் நகர நீதிமன்றத்தில் நிறுத்தினர். மேயர் வாய் திறவாதிருந்தால் தப்பிக்கலாம். தாம் போனால் ஆலை என்னாகும், தொழிலாளர் என்னாவர் என்றும் இரவெல்லாம் மனம் வாதாடியது. அதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் சென்றார்; "நானே வால்ஜான்" என்றார். ஆலை நொடித்தது, ஊரும் வாடியது. ஆசிரியர் இதனை மறைக்கவில்லை. "நாணயமே நல்ல முதல், அது லாபம் தரும்" என்று நாம் பேசுகிறோம். நட்டம் தரும் நாளில் அதைக் கைவிடாதவனிடமே அது உண்மையில் இருக்கிறது.

இனி நம் கடைக்கு வருவோம். சிறை சென்று மீண்டவன் ஒருவன் நம்மிடம் வேலை கேட்டால், நாம் பிஷப்பாக இருப்போமா, கூலி குறைத்த முதலாளியாக இருப்போமா? கல்லாப்பெட்டியை முதல் நாளே ஒப்படைக்க வேண்டுவதில்லை. ஆனால், செய்த வேலைக்கு முழுக்கூலி, பழைய பெயரைச் சொல்லி இழிக்காத நாவு: இவ்விரண்டையும் கொடுக்க நமக்கு முதல் தேவையில்லை.